குடோன் ரோட்டில் ஒரு கோலம்

மதினி,

இன்று காலை எங்கள் செம்பூர் தெருவில் ஒரு லாரியைப் பின்னால் எடுத்தார்கள். டீசல் புகை நேரே அடுப்படிக்குள் வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் மறுபடி திறந்தேன். மற்றவர்களுக்குச் செத்துப்போனவர்களின் நினைவு பூ வாசத்தோடு வரும். எனக்கு நீங்கள் டீசலோடுதான் வருகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் நம் சந்துக்குள் லாரி வருவதே அபூர்வம். பக்கத்தில் மாட்டுங்கா தெரு ஒன்றில் குடியிருந்தவர்கள் மனு கொடுத்து, லாரி வரக்கூடாது என்று பலகை வைக்கச் செய்தார்கள். அவர்கள் கேட்டது தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். நிம்மதியாக இருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அந்த லாரிகள் காற்றில் கரைந்துபோகவில்லை. குடோனுக்குப் போக நம் சந்தைப் பிடித்துக்கொண்டன. அந்த மழைக்காலத்தில்தான், பள்ளிக்கூடம் போகிற வழியில், உங்கள் மகள் செல்வியின் பாதத்தில் சக்கரம் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தீர்கள். நீங்கள் அழவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது.

அண்ணனுக்கு அந்த லாரிகளில்தான் மூட்டை இறக்குகிற வேலை. "லோடு நின்னா கஞ்சிக்கு எங்க போவ?" என்று கத்தினார்.

"லோடு வரட்டும். பிள்ளைக பள்ளிக்கூடம் போற நேரம் மட்டும் வராண்டாம். அம்புட்டுதான் கேக்கேன்" என்றீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போனீர்கள். அங்கிருந்த கிளார்க் தமிழர்தான், மாட்டுங்காவாசி. பொறுமையாகவே சொன்னார்: "அது ரெசிடென்ஷியல் தெரு அம்மா. உங்களோடது குடோன் ரோடு. ரூல் அப்படி, நான் என்ன பண்றது?"

"அந்த ரெசிடென்சின்னா என்ன சார்?"

"குடும்பங்கள் குடியிருக்கற இடம்."

"அப்போ நாங்க என்ன, இறக்கிப் போட்ட மூட்டையா?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கைதட்டவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் கோலம் போடக் குனிந்தவர் நிறுத்தவே இல்லை. இந்தப் பக்கச் சாக்கடையிலிருந்து அந்தப் பக்கச் சாக்கடை வரை ரோடு முழுக்க இழுத்தீர்கள். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? மாவ எடுத்துட்டு வா!" என்று என்னை அதட்டினீர்கள். சந்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். முதல் லாரிக்காரர் நம்மூர் ஆள். கோலத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டார். பின்னால் வந்தவர் வடக்கத்திக்காரர். தலையை நீட்டி, "பூஜா ஹை க்யா?" என்றார்.

"பூஜா நஹி, கர் ஹை! பச்சா லோக் கோ ஜானே தோ!" என்று கத்தினீர்கள். இது வீடு, பிள்ளைகளைப் போகவிடு என்று சொன்னது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். பிள்ளைகள் ஓரமாகப் போனார்கள். செல்வி நொண்டிக்கொண்டே போனாள்.

தினமும் போட்டோம். நின்ற லாரிகள் வரிசையாகி, பலகை வைத்த தெருவின் முனை வரை போய் ஹாரன் அடித்தன. அங்கிருந்து புகார் பறந்ததும் அதே கிளார்க் நம் சந்துக்கே வந்தார், கோலத்தை அழிக்கச் சொல்ல. வந்தவர் கோலத்தின் முன்னால் தயங்கி நின்றார். பிறகு பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை ஓரமாகச் சுற்றி வந்தார்.

"பாத்தியளா சார்? வாசல்னு தெரிஞ்சுதான ஒதுங்கி வாறிய?" என்றீர்கள்.

அவர் கோலத்தை அழிக்கச் சொல்லாமலே, வந்த ஓரமாகத் திரும்பிப் போனார். நமக்குப் பலகையும் வரவில்லை. ஆனால் குடோன்காரர் இறங்கி வந்தார்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் லாரியை உள்ளே விட்டார். அண்ணனின் வேலையும் போகவில்லை. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல மதினி, நாம் எடுத்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பில்டிங்கில் குடியிருப்பவர்களின் சொசைட்டி மீட்டிங். எங்கள் தெருவில் லாரி வரக்கூடாது என்று மனு போடப் போகிறார்களாம். எல்லோரும் கை தூக்கினார்கள், என் மகன் உட்பட. நான் எழுந்து, எனக்குத் தெரிந்த இந்தியில், "அந்த லாரியெல்லாம் இனிமேல் யார் வீட்டு வாசல் வழியாகப் போகும்?" என்று கேட்டேன்.

"அது நம்ம பிரச்சினை இல்லை மாதாஜி, உட்காருங்கள்" என்றார் செக்ரட்டரி. மகன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

நான் உட்காரவில்லை.