வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா

மே 11, ஞாயிறு. ரோலா, வளைகுடாவில் மகள் வீடு.

காலையிலேயே அனல். வாங்க வேண்டியது: பால், கறிவேப்பிலை, மகளுக்கு சார்ஜர்.

கீழ்மாடி சேவியர் வந்திருந்தான். ஏசி ஃபிட்டர், குளச்சல்காரன். போன வருடம் ஃப்ரீ ஸோன் என்கிற தொழிற்பேட்டைக்குள் மூடியில்லாத வடிகால் குழியில் விழுந்து, இடது முழங்கால் மடங்காமல் போனவன். ஸோனை நடத்தும் அரசு ஆணையத்தின் மேல் வழக்கு. ஆணையம் சொல்கிறது: விழுந்தது எங்கள் எல்லையில் இல்லை, வாசலுக்கு வெளியே. போலீஸ் அறிக்கையும் அப்படியே.

காரணம் எளிது. பாஸ் இல்லாத டாக்ஸி உள்ளே வராது. கூட வேலை பார்த்த ராஜேந்திரன், இவனைத் தோளில் தூக்கிவந்து வெளியே பஸ் நிறுத்தத்தில் கிடத்திவிட்டான். போலீஸ் பார்த்தது அங்கேதான்.

பள்ளிக்குள் பையன் விழுந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே விழுந்தால் பஞ்சாயத்து. அதே கதை.

வியாழன் அன்று, நீதிமன்றம் அமர்த்திய இன்ஜினியர் இடம் பார்க்க வருகிறார். உள்ளேதான் விழுந்தான் என்று ராஜேந்திரன் வந்து சொன்னால் வழக்கு ஜெயிக்கும்.

மே 13, செவ்வாய்.

சார்ஜர் மறந்தேன்.

சேவியரோடு ராஜேந்திரன் அறைக்கு. அவன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். அவன் விசாவே அந்த ஆணையம் கொடுத்தது. சேவியர் கெஞ்சவில்லை, மீன்குழம்பு கொண்டுபோனான். சாப்பிட்டுக் கை கழுவியபின் ராஜேந்திரன் கேட்டான்:

"சோறு போடுற எடத்துக்கு எதிரா எப்புடிண்ணே பேசுறது?"

"நீ ஒண்ணும் பேசாண்டாம் மக்கா. எங்கேந்து தூக்குனன்னு மட்டும் காட்டு."

ராஜேந்திரனை வற்புறுத்த எனக்கு மனமில்லை. நான் விசிட் விசாக்காரன், எனக்கென்ன நஷ்டம், வேலை போனால் அவனுக்குத்தான்.

மே 15, வியாழன்.

ஃப்ரீ ஸோனுக்குத் தனிக் காவல், தனிச் சாலை, தனி விதிகள். அரசுக்குள் ஓர் அரசு. அதன் அதிகாரிகள் மூவரும் வக்கீலும் வெயிலில் ஒரு குழியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு ஃபிட்டர் கேள்வி கேட்டான் என்பதற்காக. எனக்கு நம்பவே நேரமாயிற்று.

ராஜேந்திரன் டூட்டி உடையிலேயே வந்தான். எங்கிருந்து தூக்கினாய் என்று இன்ஜினியர் இந்தியில் கேட்டார். வக்கீல் கடிகாரம் பார்த்தார்.

ராஜேந்திரன் குழியோரம் குனிந்தான்.

"ஏறுண்ணே."

சேவியரைத் தோளில் போட்டு நடந்தான். விளக்குக் கம்பத்தருகே நின்று மூச்சு வாங்கினான். அன்றும் அங்கே நின்றிருப்பான் போல. மறுபடி நடை. பின்னால் படம் எடுத்தபடி இன்ஜினியர், அவர் பின்னால் அதிகாரிகள், வக்கீல், கடைசியில் நான்.

வாசலில் நேபாளிக் காவலாளி, யாரும் சொல்லாமலே தடுப்பை உயர்த்தினான். அன்றும் நீதானா என்றார் இன்ஜினியர்.

அவனும் ஆணையத்தின் ஆள்தான். அதிகாரிகளை ஒருமுறை பார்த்தான்.

உள்ளேயிருந்துதான் தூக்கிவந்தான், நான்தான் திறந்துவிட்டேன் சார், என்றான்.