என் தங்கைக்குக் கல்விக்கடன் தர வேண்டாம்

அனுப்புநர்
பா. பெனின், பி.இ. (மெக்கானிக்கல்),
த/பெ பால்துரை,
கோயில் தெரு, சேத்தூர்,
இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பொதிகை மக்கள் வங்கி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: தங்கை பா. அக்சாவின் கல்விக்கடன் விண்ணப்பம் – கள ஆய்வு அறிக்கை தவறு – இணை விண்ணப்பதாரராக நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுதல் – கடனை நிராகரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடன் கிடைக்கவில்லை என்ற புகார்தான் தங்களுக்கு வழக்கமாக வரும். கிடைக்கப்போகிறது என்பது என் புகார். நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2. சென்ற வாரம் தங்கள் கள அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏ.சி., இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், சோபா, வாசலில் என் பைக் ஆகியவற்றைப் பார்த்து, திருப்பிச் செலுத்தும் வசதியுள்ள குடும்பம் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஏ.சி. மாட்டியதிலிருந்து ஓடியது அன்று ஒரு நாள்தான், அதுவும் அவருக்காக. கரண்ட் பில்லுக்குப் பயந்து நாங்கள் போடுவதில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஃபைனான்ஸ் ஸ்டிக்கரை என் தாயார் அமிர்தவல்லி முதல் நாளே சுரண்டி எடுத்துவிட்டார்.

3. நான் தங்கள் கிளையில் கல்விக்கடன் பெற்றுப் படித்தவன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஆலையில் மெஷின் பராமரிப்பு வேலை. கையில் வருவது 17,500. தங்கள் தவணை 8,400, பைக்குக்கு 4,600, ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் 3,900. மிச்சம் 600. பைக் நான் கேட்டு வாங்கியது. மற்றவை, பொறியாளர் வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததால் வந்தவை.

4. என் கணக்கில் ஒரு தவணைகூடத் தவறவில்லை என்று தங்கள் கணினி காட்டும். மோட்டாரில் லோடு அதிகமானால் ரிலே ட்ரிப் ஆகி, கரண்டைத் துண்டித்து மோட்டாரைக் காப்பாற்றும். ட்ரிப் ஆகவிடாமல் ரிலேயைக் கட்டிவைத்தால் மோட்டார் ஓடும். உள்ளே கம்பிச்சுருள் கருகும். மொபைல் ஆப்பில் கடன் வாங்கித் தங்களுக்குக் கட்டுகிறேன். அதை அடைக்க இன்னொரு ஆப். தாயாரின் சங்கிலி அடகில் இருக்கிறது. நான் ஒழுங்காகக் கட்டுகிறேன் என்பதைக் காட்டித்தான் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் தரகர் அக்சாவின் விண்ணப்பத்தைத் தங்களிடம் கொண்டுவந்தார். அதே கல்லூரி, அதே படிப்பு. கட்டணம் மட்டும் என் காலத்தைவிட ஒன்றரை மடங்கு.

5. தந்தையின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மில்லில் ஷிப்ட் வேலை போய், இப்போது தினக்கூலிக் காவலாளி. வருமானச் சான்று கிடையாது. சென்ற ஆண்டு எங்கள் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலுக்குக் கேட்பு விலை ஏறியபோது கையை இறக்கியிருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர், "ஏலே பால்துரை, இஞ்சினியரப் பெத்துட்டு ஒரு சேவலுக்கா பின்வாங்குத?" என்றார். 5,200 ரூபாய்க்கு எடுத்தார். அந்த மாதத் தவணைக்காக வைத்திருந்த பணம் அது.

6. அக்சாவுக்கு அரசு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். சேர மறுக்கிறாள். "நீ மட்டும் இஞ்சினியரு, நான் டியூசன் எடுத்துக்கிட்டுத் திரியணுமாக்கும்? எம்புட்டு நல்ல எண்ணம்ணே ஒனக்கு!" என்கிறாள். "பேங்க்காரரே தாரேங்காரு, ஒனக்கு எங்கலே வலிக்கி?" என்கிறார் தாயார். எங்கே வலிக்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியவில்லை. ஆப் கடன்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதை இந்த மனுவின் மூலம் திரும்பப் பெறுகிறேன். சம்பளச் சான்று உள்ளவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

7. தாங்கள் நிராகரித்தாலும், அந்தத் தரகர் இரட்டை வட்டிக்குக் கொடுக்கும் வேறொரு நிறுவனத்துக்கு அவளை அழைத்துப் போகக்கூடும். அங்கும் நான் கையெழுத்திட மாட்டேன். அதற்கு மேல் என்னால் முடிந்தது எதுவும் இல்லை. என் கடனைத் தள்ளுபடி செய்யவோ தவணையைத் தள்ளிவைக்கவோ நான் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பார்த்திருக்கிறேன்.

8. ஆகவே, கள ஆய்வு அறிக்கையை ரத்து செய்து, வெள்ளிக்கிழமைக்கு முன்பாக அக்சாவின் விண்ணப்பத்தை நிராகரித்து, அவள் பெயருக்கே கடிதம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் என்ற இடத்தில், இணை விண்ணப்பதாரரான அண்ணன் பெனின் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்றே எழுதுங்கள். வீட்டில் என்ன நடந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அச்சடித்த படிவத்தில் வழக்கமாக வரும் 'மதிப்பெண் போதாது' என்ற வரியில் மட்டும் டிக் அடித்துவிடாதீர்கள். அவள் 600க்கு 561 வாங்கியிருக்கிறாள்.

இடம்: சேத்தூர்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
பா. பெனின்
(ஒப்பம்)