அம்மா வாங்கவிடாத பன்

வெக்ஸ்தார்ப், லிங்கன்ஷயர்
மே 2016, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹேசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் டோபியும் பிள்ளைகளும் பூமியின் அந்தப் பக்கத்தில் குளிர்காலத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்கு இன்னும் தேதி வரவில்லை. "நான் செத்தப்புறம் கூப்பிடுவானுங்க, அப்பவும் வெறும் வயித்தோட வாங்கன்னுதான் சொல்லுவானுங்க" என்கிறார். அவர் வாய் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. தோட்டத்தில் உருளைக்கிழங்கு முளைத்துவிட்டது, பாதியை நத்தை தின்றுவிட்டது. உன் அண்ணன் மார்ட்டின் போன மாதம் வந்து கூரைத் தகரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல் ஏணியை மழையில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

பேத்தி ஐரிஸின் பள்ளிக்கூட வேலைக்கு நம் ஊர் வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். "வெக்ஸ்தார்ப்பில் எங்கள் பிள்ளைப் பருவம்" என்று பளபளப்பான அட்டை. அட்டைப் படத்தில் வெள்ளை ஏப்ரனும் கூடையுமாக நிற்பவள் ஐடா கிராப்ட்ரீ, பெரிய வீட்டில் கடைசிவரை வேலை பார்த்தவள், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் ஐரிஸுக்குப் பெரிய வெள்ளிப் பன்னைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிடு. அந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அவள் வகுப்பில் போய்ச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

பெரிய வீட்டுத் தோப்பு வழியாகப் போகும் பாதையை நீயும் தினமும் நடந்திருக்கிறாய். நம் கவுன்சில் வாடகை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் டாக்டரிடமும் போக அதுதான் வழி. அந்தப் பெரிய வீட்டை வாங்கிய ராட்லி என்ற ஆள் போன இலையுதிர்காலத்தில் அதில் வேலி போட்டான். தோப்புக்குள் விடுமுறைக் குடில்கள் கட்டப்போகிறானாம், பணம் கொடுத்து வந்து தங்குகிறவர்களின் கண்ணில் நம் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு போவது படக்கூடாதாம். அன்றிலிருந்து பிள்ளைகள் முட்டைக்கோஸ் லாரிகள் போகும் சாலையில்தான் நடக்கிறார்கள். நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் கால்வாய். நவம்பரில் எதிர்வீட்டு டெனிஸின் மகள் கெர்ரியை லாரிக் கண்ணாடி முதுகுப் பையோடு சேர்த்துத் தட்டிக் கால்வாயில் தள்ளியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தண்ணீர் குறைவாக இருந்தது, அவ்வளவுதான் நம் அதிர்ஷ்டம். லாரிக்காரன் நிறுத்தவே இல்லை. அதற்குப் பிறகுதான் பாதையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று டெனிஸும் நானும் வீடுவீடாகப் போனோம்.

விஷயம் கேட்க எளிதாக இருந்தது. ஜனங்கள் ஒரு நிலத்தின் வழியே இருபது வருடம் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் நடந்தால் அது பொதுப் பாதை, அப்புறம் யார் நிலத்தை வாங்கினாலும் மூட முடியாது. எங்களுக்கு என்ன குறை, ஊரே நடந்த பாதை. பிப்ரவரியில் ஊர்க் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். கூடம் நிறைந்துவிட்டது, டீயும் பிஸ்கட்டும்கூட வைத்திருந்தார்கள், ஏதோ கல்யாணம் மாதிரி. ராட்லியின் வக்கீல் எழுந்து எங்களை ஒன்றுமே எதிர்த்துப் பேசவில்லை. நம் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். பெரிய வெள்ளிதோறும் தோப்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள், நாங்கள் வெளியே வரிசையில் நிற்போம், பெரிய வீட்டு அம்மா வருவார், சிலுவை போட்ட சூடான பன் ஆளுக்கு ஒன்று கிடைக்கும், தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லிவிட்டுச் சாலை வழியாகச் சுற்றிக் கோயிலுக்குப் போவோம். இப்படி ஒன்று, அப்புறம் இன்னொன்று. நல்ல குரல் அவனுக்கு. யார் எழுதியதைப் படிக்கிறானோ அவர்கள் முகம் மலர்ந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள். "அப்ப ஒவ்வொரு வருஷமும் பூட்டுவாங்க, இல்லையா?" என்று கேட்டான். "ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லைங்க" என்று பின்வரிசையில் இருந்து நாலு பேர் பெருமையாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவன் சொன்னான். வருடத்தில் ஒரே ஒரு நாள் பூட்டிவைத்தால் போதும், அது பொதுப் பாதை ஆகவே ஆகாது. மிச்ச நாட்களில் நடந்ததெல்லாம் வீட்டுக்காரர் தயவில் நடந்தது. நானூறு வருடமாக இந்த வழக்கம் இருக்கிறது என்று உங்கள் புத்தகமே சொல்கிறது, ஆகவே நானூறு வருடமாக உங்களுக்கு உரிமை இல்லை. முடிந்தது. ஹேசல், அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, எடுத்து வைக்க இடம் தெரியாமல். தோட்டக்காரன் மகனிலிருந்து தபால்காரன் விதவைவரை எல்லோரும் தங்கள் பிள்ளைப் பருவத்திலேயே இனிப்பான ஞாபகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்தே அவர்கள் காலுக்குக் கீழே இருந்த பாதையை உருவிக்கொண்டான் அந்த வக்கீல். பள்ளிக்கூடம் இல்லாத, வயல் வேலை அரை நாளாக இருக்கிற நாளாகப் பார்த்துப் பூட்டியிருக்கிறாள் பெரிய வீட்டு மகராசி. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பன்னுக்கு நாம் நன்றி வேறு சொல்லியிருக்கிறோம்.

நான் சொல்லவில்லை, உன் பாட்டி என்னைச் சொல்ல விடவில்லை. நீ பிறப்பதற்குள் போய்விட்டாள், உனக்கு அவளைத் தெரியாது. என் அம்மா எல்சி கடுமையானவள். முட்டைக்கோஸ் வெட்டி வெட்டி விரல்கள் நீட்டினால் நீளாது, மடக்கினால் மடங்காது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு பெரிய வெள்ளியன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டிப் போனாள். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள், பன்னின் மணம் என் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. பெரிய வீட்டு அம்மாவே கதவுக்கு மேலே கையை நீட்டி, "குழந்தைக்கு ஒண்ணு வாங்கிக்க எல்சி" என்றார். என் அம்மா நின்றாள். "வேணாங்க. நான் இந்த வழியா பள்ளிக்கூடம் போனப்ப யாரும் எனக்குப் பன் குடுக்கல. குடுக்காமலே போனேன்" என்றாள். அவ்வளவுதான், நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை என் பெயர் பன்னில்லாத டோரீன். ஒவ்வொரு வருடமும் அழுதிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் ரொட்டியில் மாட்டுக்கொழுப்பு தடவிக் கொடுப்பாள், நான் அதைச் சுவரில் எறிந்ததும் உண்டு.

இதைத்தான் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வரலாற்றுச் சங்கத் தலைவர் பெர்னார்ட் ஓல்டர்ஷா, பாங்கியில் இருந்து ஓய்வு பெற்று தெற்கே சர்ரேயிலிருந்து இங்கே வந்து குடியேறியவர், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். "கொஞ்சம் கசப்பா இருக்கு டோரீன், படிக்கிறவங்க சந்தோஷப்படணும் இல்லையா?" என்றார். நானூறு வருடம் என்று எழுதியதும் அவர்தான். எங்கே இருந்து கிடைத்தது என்று அப்புறம் கேட்டேன். பெரிய வீட்டு அம்மா "வெகுகாலமாக" என்று பாதிரியாரிடம் சொன்னாராம், பாதிரியார் இவரிடம் சொன்னாராம், வெகுகாலம் என்றால் நானூறு வருடமாவது இருக்கும் என்று இவர் போட்டுக்கொண்டாராம்.

ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் அம்மா சொன்ன வாக்கியம் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பன் கிடையாது என்றால், பூட்டும் கிடையாது. கதவே கிடையாது. எழுந்து அதைச் சொன்னேன். வக்கீல் மிக மரியாதையாக, "உங்க அம்மாவை இப்ப நாங்க கேக்க முடியாதே" என்றான். அங்கங்கே சிரித்தார்கள். நம் ஆட்கள்தான் சிரித்தார்கள், அவன் ஆட்கள் அல்ல.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ஐடா இருந்தாள். தொண்ணூறு வயது, காலில் போர்வை. வாழும் வரலாறு என்று சொல்லி பெர்னார்டே தள்ளிக்கொண்டு வந்து வைத்திருந்தார், வக்கீல் அவளைத் தன் சாட்சியாக எழுதிவைத்திருந்தான். அதிகாரி, யாராவது அவளிடம் கேட்க வேண்டுமா என்றாள். ஐடா என் அம்மாவோடு படித்தவள், ஆனால் எங்கள் வீட்டை அவளுக்கு ஆகாது. நான் வழக்குப் பேசவில்லை ஹேசல், எனக்குத் தெரியாது. "ஐடா ஆன்ட்டி, முதமுதல்ல அந்தக் கூடையைத் தூக்கினது யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். "யாரு தூக்குவா, நான்தான் தூக்கினேன். எனக்கு முன்னால யாரு இருந்தா? அதுக்குன்னே புது ஏப்ரன் தச்சுக் குடுத்தாங்க. இப்ப இருக்கிற ராணியோட அப்பா, பழைய ராஜா செத்தாரே, அந்த வருஷம். சமையல்காரிக்குச் சிலுவை போடவே தெரியல, மொத தடவை எல்லாம் கூட்டல் குறி மாதிரி கோணலா வந்துச்சு" என்றாள். அதற்கு முன்னால் கதவு எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டாள். "கதவா? ஏது கதவு. சேறும் மாடும்தான். இவ அம்மா எல்சியும் நானும் அதுலதான் மூக்கு வடிஞ்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனோம், எங்கம்மாவும் அப்படித்தான் போனா. ஏப்ரன் குடுத்த வருஷம்தான் கதவு வச்சாங்க." பெர்னார்ட் பாய்ந்து குனிந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐடா, உங்க பாட்டி காலத்துலயே இருந்திருக்குமே" என்றார். "எங்க பாட்டி பன்னைக் கண்ணால பாத்ததில்ல. நீ சர்ரேக்காரன், உனக்கென்ன தெரியும்? எனக்கு முன்னால எவளோ தூக்கினான்னு எங்கிட்டயே சொல்றியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. மற்றவர்கள் நன்றியால் கொடுத்துவிட்டதை அவள் கர்வத்தால் திரும்ப வாங்கினாள்.

போன செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. கதவு வருவதற்கு முன்பே அது பொதுப் பாதை ஆகிவிட்டது, அப்புறம் போட்ட எந்தப் பூட்டும் செல்லாது, பன்னும் செல்லாது. வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். கெர்ரி வியாழக்கிழமை முதல் அந்த வழியாகத்தான் போகிறாள். இதற்கு ஊர் சந்தோஷப்பட்டது என்று நினைக்கிறாயா? தபால் நிலையத்தில் இரண்டு பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரின் பாரம்பரியத்தைக் கெடுத்துவிட்டேனாம். தங்கள் பேரப்பிள்ளைகளை லாரியிலிருந்து காப்பாற்றியதை ஒருவரும் பேசவில்லை. மெலிந்த பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு பன் கொடுத்தவளைக் கடைசிவரை மறக்க மாட்டார்கள், வாங்காதே என்று சொன்னவளை மட்டும் கசப்பானவள் என்பார்கள். எனக்கு ஆறுகிறதே இல்லை.

நேற்று ஐடாவைப் பார்க்க முதியோர் விடுதிக்குப் போனேன். நன்றி சொல்லப் போனேன், அவள் விடவில்லை. "உனக்காக நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். பிறகு, "உங்கம்மா மூக்கைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போவா. ஒவ்வொரு வருஷமும் கூடை அடியில உனக்குன்னு ஒண்ணு தனியா வச்சிருந்தேன்டீ, என்னைக்காவது நீ மட்டும் ஓடி வருவேன்னு" என்றாள். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்வாங்க, நான்தான் தின்னேன். எறியவா முடியும்?" என்றாள்.

விடுதியிலிருந்து வரும்போது தோப்பு வழியாக வந்தேன். கதவைக் கழற்றிவிட்டார்கள், இரண்டு கம்பம் மட்டும் நிற்கிறது. எனக்கு முன்னால் டெனிஸ் கடைப் பையோடு போய்க்கொண்டிருந்தாள். கம்பங்களுக்கு நடுவில் வந்ததும் நின்று பெரிய வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். என்ன பழக்கமோ என்று நினைத்துக்கொண்டே நானும் வந்தேன். அதே இடத்தில் என் காலும் நின்றது. அவ்வளவு கோபக்காரி, எனக்கும் நின்றது. கெர்ரி மட்டும் எங்கள் இருவரையும் தாண்டி ஓடினாள், எங்கும் பார்க்கவில்லை. அவளுக்கு அங்கே கதவு இருந்தது என்பதே இன்னும் இரண்டு வருடத்தில் மறந்துவிடும். மறக்கட்டும்.

ஆகவே ஐரிஸிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு, மறைக்க வேண்டாம். படித்து முடித்ததும் எல்சி சொன்ன வாக்கியத்தையும் சொல். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அது கசப்பாக இருக்கிறது என்று சொன்னால், ஆமாம், கசப்புதான் என்று சொல்லச் சொல். பேரன் ஃபின்னுக்குப் பின்னிய ஸ்வெட்டர் கை நீளமாக இருக்கும், மடித்துவிடு, வளருகிற பிள்ளைதானே. நீ இரவு வேலை முடிந்து தனியாக வண்டி ஓட்டாதே, டோபியை வரச்சொல். உங்கள் நால்வரையும் கடவுள் காப்பாராக, நீங்கள் நடக்கும் வழி எதையும் யாரும் உங்களுக்குத் தயவாகக் கொடுத்ததாக இல்லாமல் இருக்கட்டும். அப்பா முத்தம் அனுப்புகிறார். இடுப்புத் தேதி வந்தால் போன் செய்கிறேன், நீ அழாமல் பேச வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
(பன்னில்லாத டோரீன்)