அம்மாவின் நீலக் கோப்பை

பிலடெல்பியா, மார்ச் 3

அன்புத் தம்பி லூஷியஸுக்கு,

நீ அனுப்பிய காய்ந்த இறால் வந்து சேர்ந்தது. வீடெல்லாம் நம் தீவின் வாசனை. மேல்மாடிக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறாள், போகட்டும்.

கூடவே வந்த, நீ வேலை பார்க்கும் நினைவுப் பூங்காவின் விளம்பரத் தாளையும் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அம்மாவின் நீலக் கோப்பைதானே? அம்மா கடைசியாகக் காப்பி குடித்தது அதில். அடக்கத்தன்று அதை உடைத்துக் கல்லறைமேல் வைத்தவள் நான். போனவர் இன்னொருவரைத் துணைக்கு அழைக்கக் கூடாதென்றுதானே உடைக்கிறோம்? அதை யாரடா ஒட்டியது?

அக்கா ஓடெஸா

தென் கரோலினா, மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நான்தான் ஒட்டினேன், கோபப்படாதே. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கல்லறைமேல் கிடந்த சில்லுகளைக் காட்டி, "இந்தக் குப்பையக்கூட அள்ள மாட்டீங்களா?" என்று வழிகாட்டியான என்னிடமே கேட்டார்கள். இப்போது அதே ஆட்கள் பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். நம் ஓக் மரங்களும் சதுப்பும் கால்ஃப் மைதானமாகாமல் இருப்பதே இந்தப் பூங்காவால்தான். ஒருமுறை வந்து பாரேன்.

உன் லூஷியஸ்

பிலடெல்பியா, ஏப்ரல் 2

தம்பி,

மே மாதம் எனக்கு இதய ஆபரேஷன். உனக்கு எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். பயமாக இருக்கிறதடா. படித்தவள் இப்படிப் பேசுகிறாளே என்று சிரித்துக்கொள். ஆனால் அதற்குள் கோப்பையை மறுபடி உடைத்து அம்மாவிடம் வைத்துவிடு.

ஓடெஸா

தென் கரோலினா, ஏப்ரல் 11

அக்கா,

உனக்கு ஒன்றும் ஆகாது. கோப்பையை எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி அது பூங்காவுடையது. உடைத்தால் என் வேலை போய்விடும். பழைய பயத்துக்காக அதைக் கேட்காதே.

லூஷியஸ்

பிலடெல்பியா, மே 2

லூஷியஸ்,

சனிக்கிழமை வந்திருந்தேன். முதலில் அம்மாவிடம் போனேன். வெட்டிவிட்ட பச்சைப் புல், ஒரு சில்லு இல்லை. பிறகு சீட்டு வாங்கி உன் கூட்டத்தோடு கடைசியில் நின்றேன். என் தொப்பி மறைத்ததோ என்னவோ, நீ என்னைப் பார்க்கவில்லை.

"இது அந்தக் குடும்பமே மனசாரக் குடுத்ததுங்க" என்று கோப்பையைக் காட்டினாய். "அவங்க ஆளுங்க யாராச்சும் இப்ப இருக்காங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ தயங்கக்கூட இல்லை. "யாரும் இல்லீங்க" என்றாய்.

இன்று காலை ஆஸ்பத்திரியில், "ஆபரேஷனுக்குக் கூட யாரும்மா வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். நீ சொன்னதையே சொன்னேன்.

ஓடெஸா