வல்லெட்டா, வெள்ளிக்கிழமை

15.7.2025, செவ்வாய்

டிராவல்ஸ் ஆபீஸில் எனக்கென்று தனியாக ஒரு வாடிக்கையாளர் பார்ட்டி கொடுத்திருக்கிறார் ராஜேஷ்குமார் சார். இதுவரை நான் டிக்கெட் போட்டதெல்லாம் திருப்பதி, ஷீரடி, அதிகம் போனால் சிங்கப்பூர். இது மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம், ஏழு இரவு. "எந்தெந்த துறைமுகம் பெஸ்ட்னு நீயே பாத்து லிஸ்ட் போடு மேகலா. பேசறதுக்குத்தான் பயப்படற, படிக்கறதுக்கு என்ன?" என்றார். பக்கத்து சீட் வினிதா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பார்ட்டி என்றால் நல்லுசாமி, கருப்பாயி தம்பதி. கரூர்ப் பக்கம் சொந்த ஊர். அவர் முப்பது வருடம் ஓசூர் கம்பெனியில் இருந்து, இப்போது சிப்காட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். நீலக் கடல், மலைமேல் வெள்ளை வெள்ளையாக வீடுகள்.

"பட்டறைல பத்து வருசமா மாட்டி வெச்சிருந்தாரு கண்ணு. இந்த ஊருக்குக் கப்பல் போவுமா?"

சாண்டோரினி. போகும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் கடலை நேரில் பார்த்ததில்லை.

16.7.2025

அப்பா இன்று இட்லி ஒன்று. பாதி திரும்பி வந்துவிட்டது.

18.7.2025, வெள்ளி

மூன்றரை மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை என்றால் வல்லெட்டா. அண்ணன் மணிவேல் வேலை செய்யும் கப்பல் வாரம் முழுவதும் ஒரே சுற்றுதான். ஞாயிறு பார்சலோனா, திங்கள் மார்சேய், செவ்வாய் ஜெனோவா, புதன் ரோம், வியாழன் பலெர்மோ, வெள்ளி வல்லெட்டா. சனி முழுக்கக் கடல். மார்ச் மாதத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறான், அடித்தளத்துச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டு. டிசம்பரில்தான் காண்ட்ராக்ட் முடியும்.

துறைமுகங்களைப் பற்றிக் கேட்டேன். எது பெஸ்ட்?

"வல்லெட்டாதான். ஹார்பர் கேட்டத் தாண்டினா ஒரு காபிக் கடை, பக்கத்துல ஒரு பெஞ்சு. வைஃபைக்குக் காசு கேக்க மாட்டான். கப்பல்ல இருக்கற பாதிப் பசங்க அங்கதான் குந்தினு வீட்டுக்குப் பேசறோம்."

"ஊரு எப்படி இருக்கும்?"

"ஊர நான் எங்க பாத்தேன்?"

பிறகு அப்பாவைக் கேட்டான். அப்பா சட்டை மாட்டி, தலையைச் சீவிக்கொண்டு, மார்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனைத் தூரமாகப் பிடிக்கச் சொன்னார். "நல்லாருக்கேன்டா. கோஸு நடவு போட்டாச்சு." நடவு போடவே இல்லை.

20.7.2025, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் கட்டி என்று பெங்களூரில் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. அண்ணனுக்குச் சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது என்று இன்று அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். முடி மெலிந்து, சூடாக இருந்தது.

"மணிகிட்ட போன்ல சொல்லமாட்டேன்னு சொல்லு பாப்பா."

"அப்பா—"

"தண்ணி மேல நிக்கறவன். கலங்கின மனசோட தண்ணிகிட்ட நிக்கக் கூடாது. உங்க சின்னப்பன நான் பறிகுடுக்கலயா?"

சின்னப்பா கிணற்றில் விழுந்தது நான் பிறப்பதற்கு முன்பு. ஏதோ கெட்ட செய்தி கேட்ட அன்றைக்காம். அப்பா அதைப்பற்றி இதற்கு மேல் எப்போதும் சொன்னதில்லை.

சொன்னேன். தலைமேல் கை இருக்கும்போது வேறென்ன சொல்வது? அம்மாவிடம் போன வாரமே இப்படிச் சத்தியம் வாங்கிவிட்டாராம். காலேஜ் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால்? நம்புகிறேனா தெரியாது. ஆனால் மீறிவிட்டு, மறுநாள் அவருக்கு ஏதாவது ஆனால்?

24.7.2025, வியாழன்

துறைமுகங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். விளம்பர அட்டையில் ரோம் என்று போட்டிருக்கும் துறைமுகத்தின் உண்மைப் பெயர் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் எண்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு இதுதான் பெங்களூர் என்பது மாதிரி. பலெர்மோவில் கப்பலிலிருந்து இறங்கினாலே ஊர். வல்லெட்டாவில் கோட்டைச் சுவர் மேல் தோட்டத்துக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட வேறு வேண்டாம். சாண்டோரினியில் பெரிய கப்பல் கரைக்கே வராது. நடுக்கடலில் நின்றுகொள்ளும், சின்னப் படகில் மாறிப் போக வேண்டும், மேலே ஏறக் கம்பியில் தொங்கிப் போகும் வண்டி, அதற்கு வரிசை.

எல்லாம் உண்மை. ஆனால் சாண்டோரினியும் போகிற ஒரு கப்பலில், முட்டி வலிக்காரர்களுக்கு முதல் படகில் இடம் தருகிறார்களாம். அதையும் படித்தேன்.

25.7.2025

அப்பா "போன்ல" என்றுதான் சொன்னார். போனில்.

28.7.2025, திங்கள்

நான் செய்ததை இங்கேயாவது சரியாக எழுதுகிறேன்.

நல்லுசாமி ஐயாவும் அந்த அம்மாவும் வந்தார்கள். என் லிஸ்ட்டைக் காட்டினேன். பார்சலோனாவில் ஏறி பார்சலோனாவில் இறங்குவது, செப்டம்பர் ஏழு. ஒரு இடத்திலும் படகு மாற வேண்டாம். முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் எதிரில் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசினேன். சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

"அப்ப அந்த வெள்ள வீட்டு ஊரு?"

"அங்க படகு மாறி, கம்பி வண்டில ஏறணும்மா. உங்க முட்டிக்குக் கஷ்டம்." முதல் படகைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்த அம்மா காலண்டர் தாளை மடித்து உள்ளே வைத்தார். "உடு கண்ணு. சுண்ணாம்படிச்ச ஊட்டப் பாக்க அவ்ளோ தூரம் போவோணுமா?" என்று சிரித்தார். நல்லுசாமி ஐயா, "எனக்கு மிச்சம், இல்லாட்டி இவளக் கம்பி வண்டில தூக்கி ஏத்தோணும்" என்றார்.

பிறகுதான் கேட்டேன். எங்கள் அண்ணன் அந்தக் கப்பலில்தான் தட்டு கழுவுகிறான், ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று. "இதுக்கா இப்படி நடுங்கற? தட்டுக் கழுவற பையன்தான, கண்டுபுடிச்சுருவேன்" என்றார் அந்த அம்மா.

அந்தக் கப்பலை அவர்களுக்காகவா தேர்ந்தெடுத்தேன்?

19.8.2025

விசா வந்துவிட்டது. அப்பா இப்போது கஞ்சி மட்டும்.

3.9.2025, புதன்

கடிதம் நான்கு முறை கிழித்து எழுதினேன். கடைசியில் ஒரு பக்கம். அப்பாவுக்கு என்ன, டாக்டர் என்ன சொன்னார், நீ உடனே வா. ஆபீஸரிடம் கேட்டுப் பார்சலோனாவிலேயே இறங்கிவிடு, விமான நிலையம் அங்கே பக்கம். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "நான் சொன்னது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. போன் செய்தால் எதையும் காட்டிக்கொள்ளாதே."

மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டப்பாவின் அடியில் வைத்து, மேலே அம்மா இடித்த கடலைப்பொடி. அம்மாவுக்குத் தெரியாது.

கருப்பாயி அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் நாளே கொடுங்கள், கப்பல் அன்று முழுக்கக் கரையில் நிற்கும். முடியவே முடியாவிட்டால், வெள்ளிக்கிழமை வல்லெட்டாவில் கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்ச். அங்கே கட்டாயம் வருவான்.

"பொடி கெட்டுப் போயிருமா கண்ணு, இவ்ளோ அவசரப்படற?"

ஆமாம் என்றேன்.

7.9.2025, ஞாயிறு

இன்று ஏறியிருப்பார்கள். அண்ணனிடமிருந்து எதுவும் இல்லை.

9.9.2025, செவ்வாய். ஜெனோவா.

இல்லை.

10.9.2025

கருப்பாயி அம்மா கப்பலிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். சமையலறைப் பையன்களைப் பயணிகள் பார்க்க விடமாட்டார்களாம். பரிமாறுகிற பையனிடம் டப்பாவைக் கொடுக்கலாமா என்று கேட்டாராம், அவன் வாங்க மாட்டேன் என்றானாம். "நீ கவலப்படாத, வெள்ளிக்கெழம இருக்குதுல்ல."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எந்த ஊரில் எத்தனை படி, எந்த லிஃப்ட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் தெரிந்தவளுக்கு? அப்பாவுக்கு நேற்றிலிருந்து மூச்சு இழுக்கிறது. டாக்டர், வீட்டிலேயே வைத்திருங்கள் என்றுவிட்டார். லீவு போட்டிருக்கிறேன்.

போனை எடுத்தேன். வெச்சுட்டேன். எடுத்தேன். அப்பா பாத்துட்டே இருக்கார்.

12.9.2025, வெள்ளி

மூன்றே முக்காலுக்கு அண்ணன் கூப்பிட்டான். திரையில் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. தலைகூடச் சீவியிருந்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம்" என்றேன்.

அப்பாவுக்கு முதுகில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். அம்மா சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். அவ்வளவு தெளிவாக இந்த வாரத்தில் அவர் பேசவே இல்லை.

"சாப்ட்டியாப்பா?"

"ஆச்சுடா. களியும் அவரைக்காய்க் குழம்பும்."

"என்ன சாப்ட்ட?"

"களிடா. காது மந்தமா போச்சா, அந்தப் பாத்திரச் சத்தத்துல?"

அண்ணன் சிரித்தான். பிறகு மூன்றாவது தடவையும் என்ன சாப்பிட்டாய் என்றே கேட்டான். போனை வைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பாதான் சொன்னார், "சரி போ, வேலையப் பாரு. தண்ணிகிட்ட பாத்து நில்லு."

கடிதம் போய்ச் சேரவில்லை. கருப்பாயி அம்மாவிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. சேர்ந்திருந்தால் அவனால் இப்படி இருக்க முடியாது. அவன் அழுதுவிடுகிற ஆள்.

13.9.2025, சனி

காலை ஏழு இருபது. அப்பா போயிட்டார்.

இனிச் சத்தியம் இல்லை. உடனே அண்ணனுக்குப் போட்டேன். போகவில்லை. செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக். மும்பையில் அண்ணனின் கம்பெனி ஏஜெண்டைக் கூப்பிட்டேன், கப்பலுக்கு மெயில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வாசலில் பெரியப்பா கேட்டார், "பையன் இப்ப எந்த ஊர்லம்மா இருக்கான்?"

எந்த ஊர்லயும் இல்ல பெரியப்பா. இன்னிக்கு கடல்.

14.9.2025, ஞாயிறு

பத்தரைக்கு இரண்டு நீல டிக் வந்தது. பார்சலோனா. "வர்றேன். எனக்காக வெக்க வேணாம்" என்று மட்டும் அனுப்பியிருந்தான்.

எங்கள் நிலத்திலேயே அடக்கம், கோஸ் நட வேண்டிய பாத்திக்கு மேல்பக்கம். பெற்ற மகன் தள்ளவேண்டிய முதல் மண்ணைப் பெரியப்பா மகன் ஹரீஷ்குமார் தள்ளினான். மூன்று கைப்பிடி. செம்மண் அவன் விரல் இடுக்கிலெல்லாம் ஒட்டியிருந்தது, கழுவாமல் நின்றான்.

16.9.2025, செவ்வாய்

மூன்றாம் நாள் பால் ஊற்றுகிற நேரத்துக்கு அண்ணன் வந்தான். பையைக்கூட இறக்கவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சேராத கடிதத்தைப் பற்றிச் சொல்லி என்ன?

கேட்டிருந்தால் தேவலாம். திட்டியிருந்தால்.

6.10.2025, திங்கள்

கருப்பாயி அம்மாவும் ஐயாவும் ஆபீஸுக்கு வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு. கடலப்பொடின்னுதான நெனச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வல்லெட்டாவில் எல்லோரும் லிஃப்டில் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். ஐயாவையும் அனுப்பிவிட்டு, இவர் மட்டும் காலையிலிருந்து அந்தப் பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அங்கே பதினொன்றரைக்கு, நமக்கு மூன்று மணிக்கு, அண்ணன் வந்தான். எங்கள் ஜாடை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. டப்பாவைத் திறந்து, கிளறி, உறையை எடுத்தான். படித்தான். இன்னொரு தடவை படித்தான். "ஊட்டுல சண்டையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கேக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அளுகற சத்தம் மட்டும் கேட்டுது."

அரை மணி ஆனதாம். பிறகு அவரிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி முகம் கழுவினான். சீப்பு கேட்டான். தலையைச் சீவிக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்றான்.

"'அம்மா, என் மூஞ்சி சாதாரணமா இருக்குதா'ன்னான் கண்ணு. இருக்குதுப்பான்னேன். அப்பறந்தான் போனப் போட்டான்."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் களிய பத்தி பேசிட்டு வெச்சுட்டாங்க. நான்தான். அந்தக் கடைசி வரிய எழுதினவ நான்தான். அது இல்லன்னா அவன் ஒரு தடவ வாய்விட்டு அழுதிருப்பான். அப்பாவும் ஏதாவது சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார்?

திரும்பி வந்தபோது போகக் கிளம்பியிருந்தார்கள். கருப்பாயி அம்மாவிடம் அந்த முதல் படகைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்களால் சாண்டோரினி போயிருக்க முடியும், நான்தான் மறைத்தேன் என்று. சார் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "போயிருந்தா அந்தப் பெஞ்சுல யாரு குந்தியிருப்பா?" என்றார். கோபமா, சமாதானமா, குரலில் தெரியவில்லை.

7.10.2025

அண்ணனிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மடிப்பில் இன்னும் கடலைப்பொடி இருந்தது.

"இனிமே எதுவா இருந்தாலும் போன்லயே சொல்லு பாப்பா" என்றான். கோஸ் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

18.1.2026, ஞாயிறு

அண்ணன் வேறு கப்பலில் ஏறிப் பத்து நாள். கிளம்புகிற அன்று மாலை அம்மா அவனிடமோ என்னிடமோ சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

23.1.2026, வெள்ளி

மதியம் அண்ணன் கூப்பிட்டான். ஜெனோவாவாம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்றான். அம்மா சொல்லாதே என்று தலையசைத்து எனக்கு ஜாடை காட்டினாள்.

"அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சல்" என்றேன்.