அந்த நாலு நிமிடம்

லெம்விக், டென்மார்க்
மே 17, ஞாயிறு

அன்பு மகள் சிக்னேவுக்கு,

நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத என் முதுகு சம்மதிக்கவில்லை. பூமியின் தென்கோடியில், உன் ஹோபார்ட்டில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்காதே. போனில் நான் ஏனோதானோவென்று பேசுவதாக அம்மாவிடம் குறைபட்டாயாம். காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் குழம்பிவிடுவேன் என்று எழுதுகிறேன், எழுத்திலும் குழம்பினால் பொறுத்துக்கொள்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு நெஞ்சை அழுத்தும் பயிற்சிக்குப் போனேன் அல்லவா, அப்போது என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றுபோனால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஓடிப் போகச் சொல்லி அருகில் இருப்பவர்களை அது கூப்பிடும். சிலரை நேரே வீட்டுக்குப் போகச் சொல்லும், சிலரை மின்னதிர்ச்சி கொடுக்கிற பெட்டியை எடுத்துவரச் சொல்லும். இரண்டு வருஷமாக வாய் திறக்காத போன், ஏப்ரல் 28 காலை பத்து மணிக்கு, நான் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தபோது அலறியது. மளிகைக் கடைச் சுவரிலிருக்கும் பெட்டியை எடுத்து வா என்றுதான் அதில் இருந்தது. முகவரியைப் பார்த்தால் நம் தெருக்கோடி வீடு. கடையோ எதிர்த் திசையில். ஒரு மனிதர் அங்கே கிடக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவதா என்று கால்கள் நேரே அந்த வீட்டுக்குப் போய்விட்டன. கால்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், போனது நான்தான்.

அங்கே புதிதாகக் குடிவந்த அக்சல் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தார், மனைவி கெர்டா அழுதுகொண்டே அழுத்திக்கொண்டிருந்தார், கைகளில் வலுவே இல்லை. மரச்செருப்பை உதறிவிட்டு நான் உட்கார்ந்து அழுத்தத் தொடங்கினேன். சுவர்க் கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. சரியாக நாலு நிமிடத்தில், செயலி நேரே வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்த மீன்கடை யூட்டெ சைக்கிளைப் போட்டுவிட்டு ஏப்ரனோடு ஓடி வந்து பெட்டி எங்கே என்றாள். எடுக்கவில்லை என்றேன். என்ன ஹோல்கர், பஸ்ஸுல யாராவது சொன்ன பேச்சு கேக்கலைன்னா இறக்கி விட்ருவீங்களே என்று சொல்லிவிட்டு அவளே போனாள். அவள் பெட்டியோடு திரும்ப இன்னும் நாலு நிமிடம். பெட்டி ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தது, ஆம்புலன்ஸ் வந்தது, அவரைத் தூக்கிப் போனார்கள். நான் செருப்பை மறந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். நான் பெட்டியோடு போயிருந்தால் நாலு நிமிடம் முன்பே அந்த அதிர்ச்சி கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவர் பிழைத்தாரா என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன், சொல்ல அனுமதி இல்லை என்று மிகவும் அன்பாகச் சொன்னார்கள். நேரே போய்த் தட்டிக் கேளுங்களேன் என்றாள் அம்மா. என்னவென்று கேட்பது, உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னா? சாவு விழுந்த வீட்டில் நம் ஊரில் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றுவார்களே, அதனால் அவர்கள் வீட்டுக் கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவது என் வேலையாயிற்று. அரைக்கம்பத்தில் கொடி பறக்கவே இல்லை, ஆனால் முதுகு பிடித்து மூன்று நாள் படுத்துவிட்டேன், அந்த மூன்று நாளில் பறந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும். போய்ப் பார்த்து வா என்றால் அம்மா, கொடி வேவு பார்க்க என்னால ஆகாது, ஆளை விடுங்க என்கிறாள்.

நேற்று மதியம் மூன்று மணிக்குப் போனேன். கொடி உச்சியில் பறந்தது. பிறந்தநாள் என்றாலும் உச்சி, காலையில் அரைக்கம்பத்தில் ஏற்றி, அடக்கம் முடிந்து வந்து மேலே ஏற்றினாலும் உச்சி. வாசலில் நாலைந்து கார்கள். காப்பி வாசனை, ரொட்டி வாசனை, அது பிறந்தநாள் வீட்டிலும் வரும், சாவு வீட்டிலும் வரும். கெர்டா கருநீல உடையில் ஜன்னலைக் கடந்தார், அதைக் கறுப்பென்றும் சொல்லலாம். செருப்பைக் கேட்கிற சாக்கில் மணியை அடித்துவிட்டேன்.

கெர்டா கதவைத் திறந்தார். அப்போது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், கதவைச் சாத்து, காத்து வருதுல்ல என்று அதட்டியது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை சிக்னே. அவருதான் என்றார் கெர்டா. வாசற்படியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்சல் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார், விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறது, அது என் கைங்கரியம். எனக்கும் கேக் வைத்தார்கள். இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று அவர் கேட்டார். உங்களுக்குத்தான், எழுபத்தொண்ணு என்றார் கெர்டா. அக்சல் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார், பிறகு இன்னொரு முறை. நான் கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

வழியனுப்ப வந்த கெர்டாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பெட்டி, கடை, அந்த நாலு நிமிடம். அவர் மறதிக்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியலை என்றார். பிறகு செருப்பை என் கால் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, நீங்க கடைக்குப் போயிருந்தா அந்த நாலு நிமிஷமும் நான் அவரோட தனியா இருந்திருப்பேன், என் கை ஓஞ்சு போச்சு ஹோல்கர் என்றார்.

இரண்டும் அதே நாலு நிமிடம்தான். எதை எதில் கழிப்பது என்று எனக்குப் புரியவில்லை. செயலியை அழிக்கவில்லை, போனைச் சத்தத்தில்தான் வைத்திருக்கிறேன். அடுத்தமுறை பெட்டி என்றால் பெட்டிதான் என்று யூட்டெவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், கால்கள் கேட்குமா பார்ப்போம்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அவரால் ஓடிவந்து அழுத்த முடியாது, அதனால் ஒன்று கேட்கிறேன், மறக்காதே. உன் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுது.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ஹோல்கர்