ஈஸ்ட்போர்னில் மழை வேண்டும்

மாப்ள,

இன்று காலை உன் ஊர் பரளச்சியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு பிடி அருகம்புல்லை வேரோடு பிடுங்கி வந்து மேஜை மேல் போட்டு, "இதுக்கு என்ன மருந்துண்ணே அடிக்கலாம்? எம்புட்டுப் புடுங்கினாலும் திரும்பத் தழையுது" என்றார். மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். புல்லை அவர் எடுத்துப் போகவில்லை. வேரில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. உரமூட்டைகளின் நெடியையும் மீறி அந்தப் பச்சை வாசம் வந்தது. அருகைக் கண்டால் மற்றவர்களுக்குப் பிள்ளையார் நினைப்பு வரும். எனக்கு உன் நினைப்பு வந்தது.

அருகுக்கும் உனக்கும் இருந்த பகை ஊரறிந்தது. மிளகாய்ச் செடிக்கு நடுவே குனிந்தால் பொழுது சாயும்வரை நிமிர மாட்டாய். "அருகும் பங்காளியும் ஒண்ணுலே. மேல அறுத்தாலும் அடியில ஓடிக்கிட்டே இருக்கும்" என்பாய். பாளையம்பட்டியில் என் உரக்கடைக்கு நீ வந்ததே முக்கால்வாசி களைக்கொல்லி வாங்கத்தான். அப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த ஒரே மகன் செல்வம், விவசாயப் படிப்புப் படித்து, மேல்படிப்புக்கு இங்கிலாந்து போய், ஈஸ்ட்போர்ன் என்கிற கடற்கரை ஊரில் டென்னிஸ் மைதானத்துக்குப் புல் வளர்க்கும் வேலையில் சேர்ந்தான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அந்தச் செய்தியை அவன் சொன்னபோது நீ என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாய். என் போனில்தான் பேசினாய். "இங்க புல்லு புடுங்க ஆளு கெடைக்காம நாங் கெடக்கேன். நீ கடல் தாண்டிப் போயி புல்லு வளக்கியாலே?" என்று கத்தினாய். அவனுக்கும் உன் ரத்தம்தானே. "இங்க புல்லுக்கு இருக்க மரியாத அங்க மனுசனுக்கு இல்லய்யா" என்றான். நீ போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாய். அதோடு அப்பனும் மகனும் பேச்சை நிறுத்திக்கொண்டீர்கள். ஊரில் யாராவது விசாரித்தால், "அங்கன விவசாய ஆபீசரா இருக்கான்" என்று மட்டும் சொல்வாய்.

அடுத்த ஆனி மாதம் வந்து, "ஒங் கடை டிவியில டென்னிஸ் வருமாலே?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சேனலைத் தேடிப் போட்டேன். லண்டனில் நடக்கும் பெரிய போட்டிக்கு முன்னால், புல்தரையில் கால் பழகுவதற்காக ஆட்டக்காரர்கள் ஈஸ்ட்போர்னுக்கு வருவார்களாம். ஆட்டத்தின் இடைவேளையில் ஊரைக் காட்டினார்கள். கூழாங்கல் கரை, சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளைப் பாறைச் சரிவு, கடலைப் பார்த்தபடி வரிசையாக விடுதிகள், தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் கிழவர்கள். "ஊரு பூராம் வயசானவுகளாவுல்ல இருக்காக! அப்ப வெள்ளாமைய யாருலே பாக்குறது?" என்று கவலைப்பட்டாய்.

ஆட்டம் உனக்குப் பிடிபடவே இல்லை. "பதினஞ்சு, முப்பது, அடுத்து நாப்பதா? நாப்பத்தஞ்சுல்ல வரணும்? ஒங்க ஏவாரிக தராசு மாதிரில்ல இருக்கு" என்றாய். பிறகு என் மூட்டைகளில் சாய்ந்து குறட்டை விட்டாய். தூங்குவதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கே மழை தூறியபோதுதான் விளங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மழைக்கோட்டுப் போட்ட ஒரு கூட்டம் ஓடிவந்து பெரிய தார்ப்பாயை இழுத்துப் புல்லை மூடியது. எங்கிருந்துதான் விழிப்பு வந்ததோ, நீ எழுந்து டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாய். "பாவிக, பெய்யிற மழையத் தார்ப்பா போட்டு மூடுறானுகளே" என்று திட்டிக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்தி, "அந்தா" என்றாய்.

எல்லோரும் தலையை மூடியிருந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. "ரெண்டாவது ஆளப் பாரு. காத்து வாற பக்கத்து மூலைய முட்டியப் போட்டு அமுக்கிக்கிட்டு விரிக்கான் பாரு. அது எவன் சொல்லிக் குடுத்தது? நம்ம களத்துல, வத்தலு காயிறப்ப மழை வந்தா நாங்க மூடுற மூடுலே!" உன் குரல் உடைந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

பிறகு ஒவ்வொரு ஆனியிலும் இது நம் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. மானாவாரிக்காரன் மழை கேட்பது புதிதில்லை. ஆனால் ஈஸ்ட்போர்னுக்கு மழை கேட்ட ஒரே ஆள், அருப்புக்கோட்டை தாலுகாவிலேயே நீயாகத்தான் இருப்பாய். இங்கே உன் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நீ டிவியைப் பார்த்து, "ஒரு தூத்தல் போடாதாலே அங்க?" என்பாய். அங்கே வெயில் அடித்து, கூட்டம் மகிழ்ச்சியாகக் கைதட்டினால், "வெயிலு. நான் போறேன்" என்று டீ கூடக் குடிக்காமல் கிளம்புவாய். மழை பெய்து அவன் ஓடிவந்தாலும் குறைதான். "மூஞ்சியக் காட்ட மாட்டேங்கானே, மூதி."

செல்வம் எனக்கு அவ்வப்போது பேசுவான். "அய்யா எப்படி இருக்காக மாமா?" என்பான். "நீயே பேசேன்டா" என்றால், "மொதல்ல அவுக பேசட்டும்" என்பான். உன்னிடம் சொன்னால், "சின்னப்பய, அவந்தாம்லே மொதல்ல பேசணும்" என்பாய். டிவி பார்க்கும் விஷயத்தை அவனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாய். இப்படியே பேசாமல் போய்ச் சேர்ந்துவிடுவாயோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது.

போன ஆனியில் உனக்கு நெஞ்சுச் சளி முற்றி, படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நான் பரளச்சிக்கு வந்து, என் போனிலேயே ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். நல்லவேளை, அங்கே மழை. தார்ப்பாய் வந்தது. நீ போனைக் கிட்டத்தில் வைத்தாய், தூரத்தில் பிடித்தாய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டாய்.

"எல்லாம் எறும்பு கணக்கா இருக்குலே. பய எதுன்னு தெரியல."

"போன்ல அம்புட்டுத்தான் தெரியும் மாப்ள."

போனை என்னிடம் நீட்டினாய். பிறகு, "பாக்குறதுக்கு ஆகாட்டி, பேசுறதுக்காவது ஆகுமுல்ல. போடுலே" என்றாய்.

போட்டேன். மழையில் ஆட்டம் நின்றிருந்ததால் அவனும் உடனே எடுத்தான். இத்தனை வருஷத்துப் பேச்சும் என்னவெல்லாமாகக் கொட்டப்போகிறதோ என்று நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"அங்க மழையாலே?"

"ஆமாய்யா."

"நனையாத."

புரட்டாசியில் நீ போய்விட்டாய். காரியத்துக்கு வந்த செல்வத்திடம், சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். நீ மழை கேட்டதையும், முகம் தெரியவில்லை என்று வைததையும் சொன்னேன். அவன் அழவில்லை. களத்தில் சுருட்டி வைத்திருந்த பழைய தார்ப்பாயைப் பார்த்தபடியே, "தூறல் போட்டா எங்களுக்கு முதுகு ஒடிஞ்சிரும் மாமா. ஒவ்வொரு தடவையும் எவண்டா இந்த மழையக் கேட்டதுன்னு வைவேன்" என்றான்.

இப்போது மறுபடி ஆனி. இன்று மத்தியானத்துக்குப் பிறகு, அந்த அருகம்புல்லை மேஜையிலேயே விட்டுவிட்டு டிவியைப் போட்டேன். எனக்கும் பதினைந்து, முப்பது கணக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் கடலுக்கு மேலே கருத்துக்கொண்டு வருகிறதா என்று பார்க்கிற உன் வழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. வாங்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு நானும் மழை கேட்டேன்.

தூறியது. கூட்டம் குடை விரித்தது. தார்ப்பாய்க்காரர்கள் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரெண்டாவது ஆள் மட்டும் மழைக்கோட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடிவந்தான். காற்று வரும் மூலையில் முட்டியைப் போட்டு அமுக்கினான். ஒரு கணம் நிமிர்ந்து காமிராவைப் பார்த்தான்.

நீ நனையாதே என்றாய். நன்றாக நனைந்துவிட்டான். முகம் தெளிவாகத் தெரிந்தது, மாப்ள.